ஆரஞ்சு சாஃப்ட்வேர் ரிவ்யூ: மழைக்காலத்து ஆத்துக் கலங்கல கூறு பிரிக்க உதவுதா?

ஃபர்ஸ்டே சொல்லிடறேன், ஒவ்வொரு மழைக்கும் ஆறு எப்படி கலங்குதுன்னு பாத்து ஒரே மாதிரி மழைகள கூறு கூறா பிரிக்க இது உதவுது, நல்லாவே உதவுது. அதுவும் கோடிங் தெரியாது ஆனா ஆறு தெரியும்ங்கற ஆளுங்க நாலு பேரு ஒரே ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து பேசி முடிவு பண்ணணும்னா இத விட்டா எனக்கு வேற ஒண்ணும் தோணல. ஆரஞ்சுங்கறது ஸ்லோவேனியா நாட்டுல லுப்லியானா யுனிவர்சிட்டி ஆளுங்க பண்ணி வெச்சிருக்கற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், முழுக்க ஃப்ரீ, விண்டோஸ் மேக் லினக்ஸ் மூணுலயும் ஓடும், ஒரு தடவ டவுன்லோடு பண்ணிட்டா அப்புறம் நெட் தேவையில்ல. இது முக்கியமான விஷயம், ஏன்னா புயல் அடிச்சு கரண்ட் போயி டவர் படுத்துடற ஊருல தான் நாம இத வெச்சு வேல பாக்கப் போறோம்.

நாங்க கடலூர், மஞ்சக்குப்பம் பக்கம். வடகிழக்கு பருவமழை ஆரம்பிச்சா காலேஜ் பசங்க சில பேரு, ரிட்டயர்டு இன்ஜினியர் ஒருத்தரு, நானு, இப்படி ஒரு சின்ன குரூப்பா கெடிலம் ஆத்துப் பாலத்துல இருந்து கயிறு கட்டி பாட்டில் எறக்கி தண்ணி எடுத்து கலங்கல் அளக்கறோம், கூடவே தண்ணி மட்டமும் எழுதி வெக்கறோம். கையில வெச்சு பாக்கற டர்பிடிட்டி மீட்டர் தான், தண்ணிக்குள்ள லைட்ட அடிச்சு அது 90 டிகிரியில எவ்ளோ சிதறுதுன்னு பாத்து என்டியூங்கற கலங்கல் அளவுல நம்பர் காட்டும். அந்த நம்பர் மட்டும் போதாது, அப்பப்ப கொஞ்சம் தண்ணிய ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டி 105 டிகிரியில காய வெச்சு எடை போட்டு லிட்டருக்கு எவ்ளோ மில்லிகிராம் மண்ணுன்னு பாத்து ரெண்டையும் ஒட்ட வெக்கணும். ஏன்னா களிமண்ணும் மணலும் ஒரே எடை இருந்தாலும் லைட்ட ஒரே மாதிரி சிதறடிக்காது, நைசான களிமண் மீட்டர ஏத்தி விட்டுடும், மணலு ஏமாத்திட்டு அடியோட போயிடும்.

இப்ப கேள்வி என்னன்னா இந்த டேட்டாவ வெச்சு என்ன பண்றது. நெறைய பேரு வருஷ சராசரி போட்டு ஒரு கிராஃப் போட்டு முடிச்சிடறாங்க, எனக்கு அதுல சம்மதமே கெடையாது. நம்ம பக்கத்து ஆறுங்க வருஷத்துல பாதிக்கு மேல காஞ்சு கெடக்குது, மண்ணு பூரா நகர்றது ஒரு சில மழையில தான், அந்த சில மழைய ஒண்ணொண்ணா பாக்காம சராசரி போட்டா அந்த நம்பர் எந்த நாளையும் குறிக்காது. சர்க்கார் ஸ்டேஷன்கள்ல வழக்கமா நாளுக்கு ஒரு தடவ சாம்பிள் எடுப்பாங்க, வருஷக் கணக்குக்கு அது சரி, ஆனா கெடிலம் மாதிரி ஒரே ராத்திரியில ஏறி மறுநாள் சாயந்தரம் எறங்கற ஆத்துக்கு அந்த ஒரு சாம்பிள் கதையோட நடுப்பக்கத்த மட்டும் காட்டும்.

ஒவ்வொரு மழைக்கும் ஒரு வடிவம் இருக்கு. கிராஃப்ல தண்ணி வரத்த படுத்த கோட்டுலயும் கலங்கல நிமிந்த கோட்டுலயும் வெச்சு நேரப்படி புள்ளிகள இணைச்சா ஒரு கண்ணி மாதிரி வரும், ஹிஸ்டெரிசிஸ் லூப்னு சொல்றது அதத்தான். வெள்ளம் ஏறும்போதே கலங்கல் உச்சிக்குப் போயி, எறங்கும்போது அதே அளவு தண்ணியில கலங்கல் கம்மியா இருந்தா கடிகாரச் சுத்து. அப்படின்னா பொதுவா மண்ணு பக்கத்துல இருந்து, இல்லன்னா ஆத்துப் படுகையிலயே கெடந்த வண்டல்ல இருந்து வந்து சீக்கிரம் தீந்து போச்சுன்னு அர்த்தம். கலங்கல் லேட்டா வந்தா எதிர்ச்சுத்து, தூரத்துல இருந்து மண்ணு வருது, இல்ல வெள்ளம் வடியும்போது கரை சரிஞ்சு விழுது. 1989லயே வில்லியம்ஸ்னு ஒருத்தரு இத அஞ்சு வகையா பிரிச்சு எழுதி வெச்சாரு: ஒரே கோடு, கடிகாரச் சுத்து, எதிர்ச்சுத்து, கோடும் சுத்தும் சேந்தது, எட்டு மாதிரி வர்றது. கண்ணால பாத்து பிரிக்கறது சின்ன எண்ணிக்கைக்கு ஓகே, ஆனா ஒரே லூப்ப நான் எட்டுன்னு சொல்லுவேன், நீங்க எதிர்ச்சுத்துன்னு சொல்லுவீங்க. அதோட சென்சார் வெச்சு 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ எடுக்கற எடத்துல நிகழ்வுகள் நூத்துக்கணக்குல சேந்துடும், அமெரிக்காவுல வெர்மான்ட் பக்கம் மேட் ரிவர்ல இத தான் மெஷினுக்கு விட்டு பிரிச்சாங்க. அங்க பனி உருகற தண்ணியும் சேந்து வரும், நம்ம ஊருக்கு அந்தக் குரூப்ப அப்படியே தூக்கிட்டு வர முடியாது, வழிமுறைய மட்டும் தான் எடுத்துக்கலாம்.

க்ளஸ்டரிங்னா துறைமுகத்துல வலையில வந்த மீன தரையில கொட்டி அளவு, ரகம் பாத்து கூறு போடறாங்கல்ல, அந்த வேல தான், எந்த கூறுக்கு என்ன பேருன்னு முன்னாடியே யாரும் சொல்லித் தர மாட்டாங்க.

சரி, சாஃப்ட்வேருக்கு வரேன். தொறந்தா வெள்ளையா ஒரு பலகை, இடது பக்கம் விட்ஜெட்னு குட்டி குட்டி வட்டங்க. ஃபைல் விட்ஜெட்ட இழுத்து போட்டு நம்ம எக்செல் ஷீட்ட குடுக்கணும், அதுல இருந்து ஒரு கோடு இழுத்து கூறு பிரிக்கற கே-மீன்ஸ் விட்ஜெட்டுல சேக்கணும், அங்க இருந்து இன்னொரு கோடு ஸ்கேட்டர் பிளாட்ங்கற புள்ளிப் படத்துக்கு. அவ்ளோ தான், கலர் கலரா கூறு பிரிஞ்சு நிக்கும். சிஎஸ்வி ஃபைலா இருந்தா யூடிஎஃப்-8 குடுத்துட்டா காலம் (column, ஷீட்டோட நெடுக்கு வரிசை) பேரெல்லாம் தமிழ்லயே வெச்சுக்கலாம், "மழை", "உச்ச வரத்து", "பிந்தல்" அப்படின்னு. மெனு எல்லாம் இங்கிலீஷ் தான், அது ஒரு கொற, ஆனா படம் பாத்தே வேல செய்யலாம்ங்கறதால எங்க குரூப்ல யாரும் அதுக்காக நிக்கல.

கே-மீன்ஸ்ங்கற முறை பழசு, 1957ல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் லாய்டு எழுதினது 1982ல தான் அச்சுல வந்துச்சு, நடுவுல 1967ல மெக்குவீன் அந்தப் பேர வெச்சாரு. இவ்ளோ பழைய முறை இன்னும் ஓடுதுன்னா காரணம் அது ரொம்ப நேரடியானது, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு நடுப்புள்ளி வெச்சு, ஒவ்வொரு மழையையும் கிட்ட இருக்கற நடுப்புள்ளியோட சேத்து, மறுபடி நடுப்புள்ளிய நகத்தி, மாறாம நிக்கற வரைக்கும் இதையே திருப்பிச் செய்யறது. ஆரஞ்சுல எத்தன கூறுன்னு நாமளே சொல்லலாம், இல்ல 2ல இருந்து 8 வரைக்கும்னு விட்டா ஒவ்வொண்ணுக்கும் சில்லவுட் ஸ்கோர் போட்டு காட்டும். ஒரு மழை தன்னோட கூறுல எவ்ளோ ஒட்டுது, பக்கத்து கூறுக்கு எவ்ளோ கிட்ட இருக்குன்னு பாக்கற நம்பர் அது, -1ல இருந்து 1 வரைக்கும் போகும். தனியா சில்லவுட் பிளாட்னே ஒரு விட்ஜெட் இருக்கு, அதுல ஒவ்வொரு மழைக்கும் ஒரு பட்டை, பட்டை குட்டையா இருந்தாலோ எதிர்ப்பக்கம் போனாலோ அந்த மழை எந்த கூறுலயும் சரியா உக்காரலன்னு அர்த்தம். நான் அதிக நேரம் செலவு பண்றது அந்த மழைகள்ல தான், ஏன்னா ஆத்துல ஏதாவது புதுசா நடந்திருந்தா அது மொதல்ல அங்க தான் தெரியும்.

கே-மீன்ஸ் விட்ஜெட்ல எல்லா காலத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வர்ற நார்மலைஸ் காலம்ஸ்னு ஒரு டிக் இருக்கும், அத எடுத்துடாதீங்க. வரத்து ஆயிரக்கணக்கான கன அடியில இருக்கும், கலங்கல் உச்சி பிந்தி வர்றது ரெண்டு மணி மூணு மணின்னு இருக்கும், டிக் இல்லன்னா பெரிய நம்பரு சின்ன நம்பர முழுங்கிடும், அப்புறம் கூறு பிரியறது வெறும் வெள்ள அளவ வெச்சு தான் இருக்கும், அதுக்கு சாஃப்ட்வேரே தேவையில்ல. அதே மாதிரி கலங்கலுக்கும் வரத்துக்கும் லாக் (லாகரிதம், ரொம்ப பெரிய நம்பர சுருக்கற கணக்கு) எடுத்து குடுக்கறது நல்லது, ஃபார்முலா விட்ஜெட்டுலயே எடுத்துக்கலாம்.

லாக் எடுக்கணும்னு ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா நம்ம ஊரு மழை அப்படி. ஃபெஞ்சல் புயல நெனச்சு பாருங்க, 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி கிட்ட கரை ஏறிட்டு நகராம நின்னு கொட்டித் தீத்துச்சு, புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல. அதுக்கு அப்புறம் ஊத்தங்கரை, திருவண்ணாமலை பக்கம் மழை பிச்சு எடுத்து சாத்தனூர் அணையில இருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தொறந்து விட்டு, தென்பெண்ணையில அந்தத் தண்ணி கடலூருக்கு வந்து சேந்தப்ப உள்ளூர்ல மழையே விட்டுப் போச்சு. இப்படி ஒரு நிகழ்வ மத்த சாதாரண ஐப்பசி மழையோட ஒரே ஷீட்ல போட்டா கே-மீன்ஸ் அந்த ஒண்ணுக்கே தனி கூறு குடுத்துட்டு மத்த எல்லாத்தையும் ஒரே குவியலா தள்ளிடும், தூரத்த ஸ்கொயர் பண்ணி கணக்கு போடறதால அதோட கொணமே அது தான். லாக் எடுத்தா கொஞ்சம் அடங்கும். இல்லன்னா அந்த பெரு வெள்ளத்த தனியா எடுத்து வெச்சு எழுதிட்டு மத்தத மட்டும் பிரிக்கலாம், நான் ரெண்டாவத தான் விரும்பறேன். அந்த மாதிரி வெள்ளம் கரையவே மாத்திடுது, அதுக்கு முன்னாடி எடுத்த டேட்டாவும் பின்னாடி எடுத்த டேட்டாவும் ஒரே ஆத்தோடதான்னு கூட சந்தேகமா இருக்கும்.

இன்னொண்ணும் கவனிக்கணும், புயலோட பேர வெச்சு கூறு போடக் கூடாது. 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுனப்ப பலாவும் முந்திரியும் சாஞ்சது காத்துல. 2015 நவம்பர்ல கடலூர் மூழ்கினது மழையில. ஆத்துக்குப் பேரு தெரியாது, எங்க பெஞ்சது, எவ்ளோ வேகமா பெஞ்சது, அதுக்கு முந்தின வாரம் மண்ணு ஈரமா இருந்துச்சா, இதுக்கு மட்டும் தான் அது பதில் சொல்லும். அதனால எங்க ஷீட்ல ஒரு வரின்னா ஒரு மழை, காலம்கள் மொத்த மழை, ஒரு மணி நேரத்துல அதிகபட்ச மழை, முந்தின ஏழு நாள் மழை, உச்ச வரத்து, உச்சிக்குப் போக எடுத்த நேரம், உச்ச கலங்கல், ரெண்டு உச்சிக்கும் நடுவுல உள்ள பிந்தல், அப்புறம் சுத்தோட திசைக்கு ஒரு நம்பர். அந்தக் கடைசி நம்பர் எடுக்கறது சுலபம், வரத்தையும் கலங்கலையும் 0ல இருந்து 1க்குள்ள சுருக்கிட்டு, ஒரே வரத்துல ஏறும்போது இருந்த கலங்கல்ல இருந்து எறங்கும்போது இருந்தத கழிக்கணும், பிளஸ் வந்தா கடிகாரச் சுத்து, மைனஸ்னா எதிர்ச்சுத்து. பல எடத்துல எடுத்து சராசரி பண்ணினா எட்டு மாதிரி லூப் ஜீரோ கிட்ட வந்து ஒளிஞ்சுக்கும், அதுக்காக மேல் பாதி கீழ் பாதின்னு ரெண்டு காலமா வெச்சுக்கறது நல்லது.

இந்த ஷீட்ட ஆரஞ்சு உங்களுக்கு பண்ணித் தராது. எந்த நிமிஷத்துல ஒரு மழை நிகழ்வு ஆரம்பிக்குது எப்ப முடியுதுன்னு வெட்டறது, லூப் நம்பர் கணக்கு போடறது எல்லாம் எக்செல்லயோ பைத்தான்லயோ முன்னாடியே முடிச்சுட்டு வரணும். மொத்த உழைப்புல பெரும்பகுதி அங்க தான் போகுது, க்ளஸ்டரிங் அஞ்சு நிமிஷம். ரெண்டாவது பெரிய கொற, லூப்போட முழு வடிவத்தையும் அப்படியே ஒப்பிடணும்னா டைனமிக் டைம் வார்ப்பிங்னு ஒரு தூரக் கணக்கு வேணும், பேச்ச கம்ப்யூட்டருக்கு புரிய வெக்க வந்தது, ஒரு வெள்ளம் ஆறு மணி நேரம் இன்னொண்ணு ரெண்டு நாள்னு இருந்தாலும் நீட்டி சுருக்கி பொருத்திப் பாக்கும். ஆரஞ்சோட டிஸ்டன்சஸ் விட்ஜெட்ல யூக்ளிடியன், மன்ஹாட்டன், கொசைன் எல்லாம் இருக்கு, இது இல்ல. பைத்தான் ஸ்கிரிப்ட்னு ஒரு விட்ஜெட் இருக்கறதால கோடிங் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு கூட இருந்தா அதுக்குள்ள எழுதிக்கலாம், இல்லன்னா நான் மேல சொன்ன காலம்களோட திருப்தி பட்டுக்கணும். நம்ம ஆறுங்களுக்கு இப்போதைக்கு காலம்களே போதும்னு நான் நெனைக்கறேன், சாம்பிள் மணிக்கு ஒண்ணுன்னு எடுக்கற எடத்துல வடிவத்த ரொம்ப நுணுக்கமா ஒப்பிடறது இல்லாத நுணுக்கத்த இருக்கறதா காட்டிடும்.

எனக்கு இது மேல இவ்ளோ பிரியம் வரக் காரணம் வேற. ஸ்கேட்டர் பிளாட்ல ஒரு புள்ளிய மவுஸால வளைச்சுப் புடிச்சா அந்த மழையோட வரி அப்படியே டேட்டா டேபிள்ல வந்து நிக்கும், பாக்ஸ் பிளாட்ல கூறு வாரியா மழை எவ்ளோ, பிந்தல் எவ்ளோன்னு மாறும், எல்லாம் உடனே. திருவந்திபுரம் பக்கம் கெடிலக் கரையில கீரையும் கத்திரியும் போடற ஒரு அக்கா இருக்காங்க, தண்ணி எடுக்கப் போறப்ப எல்லாம் எங்களுக்கு மோர் குடுக்கறவங்க. ஒரு நாள் லேப்டாப்ப அவங்க கொட்டாயிலயே வெச்சு பாத்துக்கிட்டு இருந்தோம், ஒரு கூறுல சில மழை மட்டும் பட்டை குட்டையா ஒட்டாம நின்னுச்சு, அந்தத் தேதிகள படிச்சு காட்டினோம். அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அதெல்லாம் மலைத்தண்ணி தம்பி, நம்ம ஊரு மழைக்கு கேப்பர் மலையில இருந்து எறங்கறது, செக்கச் செவேல்னு வரும், பொழுது சாயறதுக்குள்ள தெளிஞ்சிடும். மேக்க இருந்து வர்ற தண்ணி சாம்பலா வரும், ரெண்டு நாள் நிக்கும்"ன்னாங்க. கூட இருந்த பையன் "அக்கா, ஒரே நாள்ல ரெண்டும் வந்தா?"ன்னு கேட்டான். "மொதல்ல செவப்பு, அப்புறம் சாம்பல். பாத்ததில்லயா நீயி?"ன்னாங்க.

கேப்பர் மலைய பாத்தவங்களுக்கு இது புரியும், மத்திய சிறை இருக்கற அந்த மேடு பூரா செம்மண்ணும் கடலூர் மணற்கல்லும், மழைத்தண்ணி கீறிக் கீறி பள்ளம் பள்ளமா அரிச்சு வெச்சிருக்கு, சின்ன மழைக்கே செவப்பா ஓடும். நாங்க அன்னிக்கே ஷீட்ல மழைன்னு இருந்த நெடுக்கு வரிசைய ரெண்டா பிரிச்சோம், கடலூர் பக்கத்து மழை தனி, உளுந்தூர்பேட்டை பண்ருட்டி பக்கத்து மழை தனி. திருப்பி ஓட விட்டா ஒட்டாம நின்ன புள்ளிங்க சேந்து தனி கூறா நின்னுச்சு, பிந்தல் கம்மி, கடிகாரச் சுத்து. செவப்பு மொதல்ல சாம்பல் அப்புறம்னு அவங்க சொன்னது எட்டு மாதிரி லூப்புக்கு ரொம்ப அழகான விளக்கம், ரெண்டு எடத்து மண்ணு ரெண்டு நேரத்துல வருது. இத கோடிங்ல எழுதிக்கிட்டு இருந்தோம்னா அந்தப் பேச்சு அந்த எடத்துலயே நடந்திருக்காது, வீட்டுக்குப் போயி யாரோ ஒருத்தரு ராத்திரி உக்காந்து திருத்தி மறுநாள் ரிசல்ட் காட்டியிருப்பாங்க, அக்கா அதுல இருந்திருக்க மாட்டாங்க. இப்ப எங்க ஷீட்ல தண்ணி நெறம்னு ஒரு காலம் இருக்கு, அத அவங்க தான் சொல்றாங்க, நாங்க எழுதறோம். லூப்போட திசைய மட்டும் வெச்சு மண்ணு எங்க இருந்து வந்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது, வேற வேற காரணத்துக்கு ஒரே சுத்து வரும், நெறத்தயும் மழை பெஞ்ச எடத்தயும் சேத்துப் பாத்தா தான் கொஞ்சம் தைரியமா பேசலாம்.

எடம் தேர்வு பத்தியும் ரெண்டு வார்த்த. தேவனாம்பட்டினம் கிட்ட முகத்துவாரத்துல எடுத்தா கடல் ஏத்த எறக்கம் தண்ணிய தள்ளும், உப்புத் தண்ணியில களிமண் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடியில படியும், கலங்கல் நம்பர் ஆத்த மட்டும் சொல்லாது, அதனால மேல தள்ளியே எடுங்க. தென்பெண்ணையில எடுக்கறவங்க சாத்தனூர், எல்லீஸ்சத்திரம், சொர்ணாவூர்னு மேல எங்கெங்க தண்ணி தடுக்கறாங்க, எப்ப தொறக்கறாங்கன்னு ஒரு காலம் கண்டிப்பா வெக்கணும், அணையில இருந்து தொறந்த தண்ணியும் மழையில நேரா வந்த தண்ணியும் ஒரே வரத்துல வேற வேற மண்ணு சொமக்கும். புதுச்சேரி நண்பர்கள் சங்கராபரணிக்கு இதே ஷீட்ட எடுத்துட்டுப் போயிருக்காங்க, அவங்களுக்கு வீடூர் அணை அதே கதை.

க்ளஸ்டரிங்கே புதுசுன்னா பெயின்ட் டேட்டா விட்ஜெட்ல இருந்து ஆரம்பிங்க, பிரஷ்ஷால புள்ளி தெளிச்சு அத கே-மீன்ஸுக்கு குடுத்தா எப்ப சரியா பிரிக்குது எப்ப தப்பா வெட்டுதுன்னு கண்ணாலயே தெரியும், ஒன்பதாவது படிக்கற பசங்களுக்கு கூட புரிஞ்சுது. ஹயரார்க்கிக்கல் க்ளஸ்டரிங்கும் பாருங்க, மழை எண்ணிக்க கம்மியா இருக்கறவங்களுக்கு எனக்கு கே-மீன்ஸ விட அது தான் புடிக்கும், மரம் மாதிரி கிளை பிரிஞ்சு எந்த மழை எந்த மழைக்கு சொந்தம்னு காட்டும், வெட்டற கோட்ட இழுத்து இழுத்து எங்க நிறுத்தலாம்னு எல்லாரும் சேந்து பேசலாம். லிங்கேஜ (ரெண்டு கூறு எவ்ளோ கிட்ட இருக்குன்னு அளக்கற முறை) வார்டுன்னு வெச்சுக்கிட்டா கூறுங்க ஓரளவுக்கு சமமா வரும், சிங்கிள்னு வெச்சா சங்கிலி மாதிரி நீண்டுட்டே போகும்.

எட்டு ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப் போதும், மழை நிகழ்வு ஷீட் சின்னது தான். மொத்த வேலையையும் ஓடபிள்யூஎஸ் ஃபைலா சேவ் பண்ணிக்கலாம், அதுல விட்ஜெட்டும் செட்டிங்கும் இணைப்புக் கோடும் எல்லாம் அப்படியே இருக்கும், அடுத்த ஐப்பசி கார்த்திகையில வர்ற மழைய ஷீட்ல புது வரியா சேத்துட்டு ரீலோட் குடுத்தா கூறு தானா திருப்பி போட்டுக்கும். பழைய ஷீட்ட அழிக்காம தேதி போட்டு தனியா எடுத்து வெச்சுக்கோங்க, புது மழை சேந்ததும் எந்தெந்த பழைய மழை கூறு மாறுச்சுன்னு பாக்க அது வேணும்.